நட்சத்திரம் விழாத ரிப்போர்ட்

மேனாம்பேட்டில் வேம்புலி வீடு எது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'ஆஸ்பத்திரி வேம்புலி' என்று கேட்டுப் பாருங்கள், பொடிசுகள்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் வாசலில் விட்டுவிடும். அந்தப் பட்டம் சும்மா வந்து ஒட்டிக்கொண்டதல்ல. முப்பத்தோரு வருட உழைப்பு. நெமிலிச்சேரியில் ஏழாம் வகுப்போடு புத்தகத்தைத் தூக்கிப் போட்டவர், செங்கல் சூளை, லாரி, லேத் பட்டறை என்று நாலு இடத்தில் அடிபட்டு, இருபத்தாறு வயதில் அம்பத்தூரில் அந்தத் தனியார் மருத்துவமனைக்குள் துடைப்பத்தோடு நுழைந்தார். அப்போது அங்கே முப்பது படுக்கை. இப்போது இருநூறு. கட்டடம் வளர வளர வேம்புலியும் வளர்ந்தார். துடைப்பம் போய் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஸ்ட்ரெச்சர் போய் ஃபைல் வந்தது. ஃபைல் அவர் கைக்கு வந்த பிறகு, அவரைக் கேட்காமல் அந்த மருத்துவமனையில் ஒரு நோயாளியும் மேலே ஏறவில்லை, கீழே இறங்கவில்லை. இதில் ஒரு சொல்கூட மிகையில்லை.

அதற்குக் காரணம் கம்ப்யூட்டர். நோயாளியின் பெயர் பதிகிற கம்ப்யூட்டரை ஒரு கம்பெனி கொடுத்தது. ரத்தம் பார்க்கிற மெஷின் வந்தபோது லேபுக்கு இன்னொரு கம்பெனியின் சாஃப்ட்வேர் கூடவே வந்தது. ஸ்கேனுக்கு மூன்றாவது கம்பெனி. மருந்துக்கடையைக் குத்தகைக்கு எடுத்தவன் தன் சொந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தான். பில் போட ஐந்தாவது. ஐந்தும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் மாதிரி. ஒரே அடுப்பங்கரையில் நிற்கும், ஒன்று முகத்தை ஒன்று பார்க்காது. ஒரே நோயாளிக்கு ஐந்து இடத்திலும் ஐந்து நம்பர். டாக்டர் தன் திரையில் தட்டினால் பெயர் வரும், ரத்தம் வராது. ரத்தம் வந்தால் ஸ்கேன் வராது.

அந்த ஐந்தையும் சேர்த்து வைத்தது வேம்புலியின் பிளாஸ்டர். காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளை பிளாஸ்டரில் விரல் நீளம் கிழித்து, மார்க்கரால் ஐந்து நம்பரையும் எழுதி, ஃபைல் அட்டையில் ஒட்டிவிடுவார். நர்சுகள் அதை 'வேம்புலி பிளாஸ்டர்' என்றே சொன்னார்கள். பிளாஸ்டர் கிழிந்துபோனாலும் பரவாயில்லை. ஆறு மாதம் முன்பு வந்தவரின் லேப் நம்பரை வேம்புலி வாயாலேயே சொல்வார்.

"எய்தினவன் ஏட்டக் கெடுத்தான், பட்ச்சவன் பாட்டக் கெடுத்தான்," என்பார் டீக்கடையில். "அஞ்சு இஞ்சினீரு சேர்ந்து கெடுத்தத ஒரு ஏழாங்கிளாஸு ஒட்டிகினு கீறான் நைனா."

அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது உடம்பு. "ஊசி குத்தாத ஒடம்பு இது. முப்பது வருசமா ஆஸ்பத்திரியில கீறேன், ஒரு தலவலி மாத்திர உள்ள போனதில்ல."

இந்த இரண்டு பெருமையும் சேர்ந்துதான் பிறகு அவரைக் கவிழ்த்தன.

மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களுக்கு வருடம் ஒருமுறை முழு உடம்புச் சோதனை இலவசம். வேலை செய்கிறவருக்கு மட்டும்தான், வீட்டாருக்கு இல்லை. வேம்புலிக்கு அது வீண் செலவாகப் பட்டது. அவர் மனைவி கண்ணம்மா அப்படியல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனியில் இருபது வருடமாக நின்றபடியே இஸ்திரி போடுகிறவள். முட்டி வலி, கொஞ்சம் சர்க்கரை. சோதனை என்றால் 'நமக்கு இன்னாத்துக்கு' என்று நழுவுகிறவள். நாலைந்து வருடத்துக்கு முன் ஒருநாள் வேம்புலி சொன்னார்: "என் பங்க நீ எட்த்துக்கோ. எனக்கு எதுக்கு?"

புடவை எடுத்துக் கொடுக்கிற மாதிரிதான் கொடுத்தார். அவர் ஒருவர் மட்டும் இப்படிச் செய்யவில்லை. செக்யூரிட்டியின் அம்மா, ஆயாவின் வீட்டுக்காரர் என்று பாதிப் பேர் இப்படித்தான் பேர் மாற்றி ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதை யாரும் திருட்டாக நினைக்கவில்லை.

வெறும் வயிற்றோடு கண்ணம்மாவைக் காலையில் லேபுக்கு அழைத்துவருவார். லேப் பொறுப்பாளர் உத்தமன் அவருக்குத் தம்பி மாதிரி. கண்ணம்மா கையில் ரத்தம் எடுப்பார். டியூபில் 'வேம்புலி, ஆண்' என்று ஸ்டிக்கர் ஒட்டப்படும். ஸ்கேனில் மட்டும் இந்தச் சாமர்த்தியம் நடக்காது. வயிற்றை ஸ்கேன் செய்கிற டாக்டருக்கு ஆண் எது பெண் எது என்று தெரிந்துவிடும். அதனால் ஸ்கேனுக்கு வேம்புலியே சட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துக்கொள்வார். லேப் கம்ப்யூட்டருக்கும் ஸ்கேன் கம்ப்யூட்டருக்கும்தான் பேச்சுவார்த்தை கிடையாதே. ரத்தம் ஒருத்தருடையது, வயிறு ஒருத்தருடையது. இரண்டும் ஒரே கவரில் ஒரே பெயரில் வந்து நின்றன.

முதல் வருடம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இருக்கு வேம்புலி. சோத்தைக் குறைங்க," என்று மாத்திரை எழுதினார். வேம்புலி வீட்டுக்கு வந்து கண்ணம்மாவின் தட்டிலிருந்து ஒரு கரண்டிச் சோற்றை எடுத்துச் சட்டிக்குள் போட்டார்.

"இன்னாய்யா இது? டாக்டரு ஒன்னத்தானே கொறைக்கச் சொன்னாரு?"

"என் பேர்ல ஒன்னச் சொன்னாரு. துன்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த மாத்திரையைக் கண்ணம்மா முழுங்கினாள். முட்டி வலி மாத்திரையையும் மருந்துக்கடையிலிருந்து அவர் பெயரிலேயே வாங்கிவந்து கொடுத்தார்.

ரிப்போர்ட் படிக்க வேம்புலி தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். ஆங்கிலம் எதற்கு? அளவு தவறினால் அந்த வரியில் கம்ப்யூட்டர் ஒரு நட்சத்திரக் குறி போடும். குறி இருந்தால் பயம், இல்லையென்றால் பயமில்லை. சர்க்கரை வரியில் குறி இருந்தது, அதற்கு மாத்திரை. ஹீமோகுளோபின் வரியில் இருந்தது, அதற்கு முருங்கைக்கீரையும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரலும். கிட்னிக்கு உள்ள கிரியாட்டினின் வரியில் நாலு வருடமும் குறி இல்லை. நாலு ரிப்போர்ட்டையும் மடித்து பீரோவில் வைத்தார்.

போன வருடம் மருத்துவமனைக்குப் புத்தி வந்தது. ஐந்து கம்பெனிக் கம்ப்யூட்டரையும் கோத்து ஒரே திரையில் கொண்டுவர ஆறாவதாக ஒரு கம்பெனியைப் பிடித்தார்கள். அந்த வேலைக்கு மைதிலி என்ற பெண் வந்தாள். கரூர்ப் பக்கத்துப் பெண். பருத்திப்பட்டில் ஏரியைப் பார்த்த ஃபிளாட்டில் குடியிருந்தாள். வந்த இரண்டாம் நாளே ஃபைல் அறையில் அந்த பிளாஸ்டர்களைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அண்ணா, இந்த நம்பர் எல்லாம் யார் எழுதினது?"

"ஏன்மா, தப்பா கீதா?"

"தப்பா? எங்க கம்பெனி நாலு மாசம் கேட்டிருக்கிற வேலை அண்ணா இது. நீங்க ஏற்கெனவே முடிச்சு வெச்சிருக்கீங்க."

அன்று டீக்கடையில் வேம்புலியின் குரல் ரயிலடி வரை கேட்டது. எந்த நோயாளி எந்த நம்பர் என்று அவர் சொல்லச் சொல்ல மைதிலி கோத்துக்கொண்டே போனாள். அந்த மும்முரத்தில் அந்த வருடச் சோதனைக்கு அவர் கண்ணம்மாவைக் கூட்டிவரவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

புதுத் திரை ஒரு திங்கட்கிழமை ஓடத் தொடங்கியது. மூன்றாவது வாரம் கண்ணம்மாவுக்குக் காலையில் செருப்பு நுழையவில்லை. பாதம் அப்படி வீங்கியிருந்தது. முந்தின நாலு நாளாகச் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் மனைவி என்றதும் வரிசை விலகி வழி விட்டது. அதைக் கண்ணம்மா பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு நினைப்பு இருந்தது.

சிறுநீரக டாக்டர் சிவராமன் கண்ணம்மாவின் பெயரைத் தட்டினார். வயது ஐம்பத்து மூன்று. இன்று எடுத்த ரத்தம். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"கிரியாட்டினின் ஆறு புள்ளி எட்டு. இதுக்கு முன்னாடி எப்போ பார்த்தீங்க?"

வேம்புலி அந்த வெள்ளையையே பார்த்தார்.

"வேம்புலி, நீங்க இங்கேயே இருக்கீங்க. உங்க சம்சாரத்துக்கு ஒரு தடவைகூடவா ரத்தம் பார்க்கலை?"

"அது... பாக்கல சார்."

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிட்னி இரண்டு விதமாகக் கெடும். திடீரென்று கெட்டதென்றால் திரும்பக் கொண்டுவர வழி உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் கெட்டதென்றால் திரும்பாது, காலம் முழுக்க டயாலிசிஸ்தான். சர்க்கரைக்காரர்களுக்கு ஸ்கேனை வைத்து இது எதுவென்று சொல்லிவிட முடியாது. "பழைய ரிப்போர்ட் ஒண்ணு இருந்தாப் போதும், தெரிஞ்சுடும். இல்லாததால நாளைக்குக் காலையில முதுகு வழியா ஊசி விட்டு, கிட்னியில துளி சதை எடுத்துப் பார்க்கணும்."

கண்ணம்மா ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டாள். "திடீர்னு வந்ததா இருந்தா சரியாப் பூடுமா சார்? வேலைக்குப் போவலாமா?"

"போகலாம்மா."

சம்மதப் படிவத்தை நர்ஸ் படித்துக் காட்டினாள். ரத்தக் கசிவு ஏற்படலாம், அபூர்வமாக உயிருக்கே ஆபத்து. வேம்புலி பேனாவைப் பிடித்தவர் அப்படியே வைத்துவிட்டு லேபுக்கு நடந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். உத்தமன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார்.

"உத்தமா, அந்த நாலு ரிப்போர்ட்ட டாக்டராண்ட காட்டப் போறேன்."

உத்தமன் கை சோற்றிலேயே நின்றது. "இன்னா அண்ணாத்தே பேசிகினு கீற? பேர் மாத்தி ரத்தம் எட்த்ததுன்னு வெளிய வந்தா ஒனக்கும் சீட்டு கியிஞ்சிடும், எனக்கும் கியிஞ்சிடும். எட்டு மாசத்துல ரிட்டயர்டு ஆவப்போற மன்சன் நீ."

"ஸ்டிக்கர் ஒட்னது நான்தான்னு எய்திக் குடுக்கறேன். ஒன் பேரு வராது. அவ முதுகுல ஊசி எறக்கப் போறானுங்கடா. நாலு வருசமும் அந்த வரியில ஸ்டாரே இல்ல. அப்ப இது திடீர்னு வந்ததுதானே? காட்னா ஊசி வாணாம், ஆளும் பொயச்சிக்குவா."

உத்தமன் எதையோ சொல்ல வாயெடுத்து, தலையைக் குனிந்துகொண்டார். "வாணாம் அண்ணாத்தே," என்றார் மெதுவாக.

வேலைக்குப் பயப்படுகிறான் என்று வேம்புலி நினைத்தார். எவ்வளவு பெரிய ஆளும் வேலை என்றால் இப்படித்தான் என்று அவருக்கு உத்தமன்மேல் இரக்கமும் வந்தது. தன் வேலை போனால் போகட்டும். முப்பத்தோரு வருடப் பெயர் போனாலும் போகட்டும். அதைக் கொடுத்து கண்ணம்மாவை வாங்கிவிடலாம் என்றால் அது லாபம்தான். அப்படித்தான் அவர் மைதிலியின் அறைக்குப் படியேறினார்.

மைதிலி முழுதும் கேட்டாள். கோபப்படவில்லை. "அண்ணா, நானா மாத்த முடியாது. நீங்க எழுதிக் கொடுக்கணும். சொல்லுங்க, நான் டைப் பண்றேன்."

"வாணாம்மா. என் கையாலதான் எய்துவேன்."

ஒரு தாளில் எழுதினார். ஐந்து நம்பரை அலுங்காமல் எழுதிய கை, எழுத்துக்கு எழுத்து நின்று நின்று போனது. 'மேற்படி நான்கு தேதிகளிலும் என் பெயரில் உள்ள ரத்தம் என்னுடையது அல்ல. அது என் மனைவி கண்ணம்மா ரத்தம். ஸ்டிக்கர் ஒட்டியது நான். இப்படிக்கு, வேம்புலி.'

மேலாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிவந்து மைதிலி உட்கார்ந்தாள். உத்தமனும் வந்து கதவோரம் நின்றார். திரையில் வேம்புலியின் பெயர் இருந்தது. கிரியாட்டினின் வரியில் நாலு எண்கள்: ஒன்று, ஒன்று புள்ளி இரண்டு, ஒன்று புள்ளி மூன்று, ஒன்று புள்ளி நாலு. பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. வேம்புலி விரலால் தொட்டுக் காட்டினார். "பாத்தியாம்மா? சுத்தமா கீது."

மைதிலி நாலையும் பிடித்துக் கண்ணம்மாவின் பெயருக்குக் கீழே நகர்த்தினாள். திரை ஒரு கணம் யோசித்தது. முதல் எண் அப்படியே இருந்தது. இரண்டாவதின் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழுந்தது. மூன்றாவதில் ஒன்று. நாலாவதில் ஒன்று.

"இன்னாம்மா இது? தப்பு. கம்ப்யூட்டரு தப்பு பண்ணுது. மறுபடி போடு."

உத்தமன்தான் பேசினார், சுவரைப் பார்த்துக்கொண்டு. "ஆம்பளைக்கு ஒன்னு புள்ளி நாலு வரைக்கும் சரி அண்ணாத்தே. ஒடம்புல சதை ஜாஸ்தி. பொம்பளைக்கு ஒன்னு புள்ளி ஒன்னுதான். அத்த தாண்டினா... மெஷினு ஸ்டிக்கரப் பாத்துதான் அளவு போடும். 'ஆண்'னு இருந்திச்சு."

வேம்புலி அந்த மூன்று நட்சத்திரங்களையும் பார்த்தபடி நின்றார். நாலு வருடமாக அவளுக்குள் ஒன்று தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. வருடா வருடம் அது வந்து சொல்லியும் இருக்கிறது. அவர் பெயரைத் தாண்டி அந்தச் சத்தம் வெளியே வரவில்லை.

டாக்டர் சிவராமன் புதுத் திரையைப் பார்த்தார். மறுநாள் ஊசி வேண்டாம் என்று எழுதினார். அந்த அளவுக்கு வேம்புலி நினைத்தது நடந்தது. "நாள்பட்டது," என்றார். "ரெண்டாவது வருஷமே தெரிஞ்சிருந்தா, கிட்னியைக் கெடுக்கிற வலி மாத்திரையை நிறுத்தியிருப்போம், பி.பி.யைப் பிடிச்சிருப்போம். பல வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம்." அவர் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதுவே வேம்புலிக்குத் தாங்கவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உத்தமனுக்கு எச்சரிக்கையோடு போயிற்று. இனி சோதனைக்கு வருகிறவர் அடையாள அட்டையைக் காட்டித்தான் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று லேபில் நோட்டீஸ் ஒட்டினார்கள். "தானும் கெட்டு எல்லார் சலுகையையும் கெட்த்துட்டான் கெய்வன்," என்று செக்யூரிட்டி அவர் காதுபடவே சொன்னான். ஆனால் அதே செக்யூரிட்டி மறுநாள் யாரும் பார்க்காமல் மைதிலியிடம் ஒரு தாளை நீட்டினான். 'என் பெயரில் உள்ளது என் தாயார் ரத்தம்.' அந்த மாதம் அப்படிப் பதினோரு தாள்கள் வந்தன. கண்ணம்மாவின் ஃபைலில் ஒரே நம்பர். பிளாஸ்டர் யாருக்கும் தேவைப்படவில்லை.

வேம்புலியிடம் கொடுக்க இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. டாக்டர் அறைக்கு முன் நோயாளிகளோடு வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் போய் நின்றார்.

"என்னோட கிட்னிய எட்த்துக்கோங்க சார். நாலு வருசமும் ஸ்கேனுல நல்லா கீதுன்னு ஸ்கேன் டாக்டரே எய்திக்கீறாரு. அந்த வயிறு என்னோடதுதான். அதுல பொய் இல்ல. ஊசி குத்தாத ஒடம்பு சார் இது."

சோதனைகளுக்கு உத்தமன்தான் அவர் கையைக் கட்டி ரத்தம் எடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாக வேம்புலி என்ற பெயரில் வேம்புலியின் ரத்தம் மெஷினுக்குள் போனது. மறுநாள் ரிப்போர்ட் வந்தது. ரத்த வகை சேர்ந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையில் நட்சத்திரம். மூன்று மாதச் சராசரியில் நட்சத்திரம்.

"எத்தனை வருஷமா இருக்கோ தெரியலை," என்றார் சிவராமன். "இந்த அளவு சர்க்கரையை வெச்சுக்கிட்டு நீங்க கொடுக்க முடியாது வேம்புலி. மன்னிச்சுக்குங்க."

வருடா வருடம் அவருக்கு என்று இருந்த சோதனை. அதைத் தானே எடுத்துக்கொண்டிருந்தால் இன்று கொடுக்க அவரிடம் ஏதாவது இருந்திருக்கும்.

செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ். கண்ணம்மா விடியலில் எழுந்து சமைத்து, டப்பா கட்டிக்கொண்டு வருவாள். சொன்னால் கேட்பதில்லை. அந்தச் சனிக்கிழமை மெஷின் ஓடத் தொடங்கியதும், கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அவரிடம் கையை நீட்டினாள்.

"அந்தக் காய்தத்தக் காட்டு. என்னுது ஒன்னுது ரெண்டையும்."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. நட்சத்திரக் குறி தெரியும். குழாய் போடாத கையால் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு மூணு. ஒனக்கு ரெண்டு."

அவர் காகிதங்களை வாங்கி மடித்தார்.

"ஒன் பேர்ல இருந்த வரைக்கும் நான் நல்லாத்தான் இருந்திருக்கேன்," என்றாள். குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். "அன்னிக்கே சொன்னேன்ல, டாக்டரு ஒன்னத்தான் கொறைக்கச் சொன்னாருன்னு. கேட்டியா நீ?"

வேம்புலி தோள் துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். எதிர்க் கட்டில்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதியம் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மெஷினுக்குள் அவள் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே ஒட்டிய சீட்டில் 'கண்ணம்மா, பெண்' என்று அச்சிட்டிருந்தது. வேம்புலி வெளித் தாழ்வாரத்துக்குப் போய் டப்பாவைத் திறந்தார். வழக்கமாக விளிம்பு வரை அமுக்கி வைத்திருக்கும் டப்பா. அன்று பாதிதான் சோறு இருந்தது. மீதி இடத்தில் கீரை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.